கடலோரப் பம்பும் கசியும் சீலும்: வாசகர் கேள்வி–பதில்

கடல்நீர்ப் பம்பு நிறுவுவது பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தேன். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை பலர் எழுதியிருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லாக் கடிதங்களும், பம்பின் தண்டோரம் நீர் வெளியேறாமல் அடைக்கும் சீல் கசிகிறது என்ற ஒரே புகாரில் வந்து நிற்கின்றன. இடம் கருதி ஆறு கடிதங்களை மட்டும், சற்றுச் சுருக்கி, எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: நண்டு பதப்படுத்தும் எங்கள் கூடத்துக்குக் கடல்நீர் எடுக்க 15 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 2,900 சுற்றுச் சுழலும் பம்பு ஒன்றை நிறுவினோம். எட்டு மாதத்தில் நான்கு மெக்கானிக்கல் சீல் மாற்றியாகிவிட்டது. கான்கிரீட் மேடையில் நான்கு போல்ட் வைத்துப் பேஸ்பிளேட்டை (பம்பும் மோட்டாரும் உட்காரும் அடித்தகட்டை) இறுக்கியிருக்கிறோம். டெலிவரிக் குழாய் (நீர் வெளியேறும் குழாய்) எச்.டி.பி.இ. என்ற கடின பிளாஸ்டிக்; மணல்மேல் 60 மீட்டர் போகிறது. இந்தச் சீல் தரமில்லை, மூன்று மடங்கு விலையுள்ள இறக்குமதிச் சீலைப் போடுங்கள் என்கிறார் ஃபிட்டர். வாங்கலாமா? கழற்றிய சீல்களின் படங்களை இணைத்திருக்கிறேன்.
— கூட மேலாளர், மண்டபம்

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். அந்த இடத்தில் அந்தச் சீலும் இதே இரண்டு மாதம்தான் உழைக்கும்.

தண்டோடு சேர்ந்து சுழலும் ஒரு வளையமும், பம்பின் உடலில் அசையாமல் நிற்கும் இன்னொரு வளையமும் முகத்தோடு முகம் பொருந்தி நிற்பதுதான் மெக்கானிக்கல் சீல். அந்த முகங்களுக்கு நடுவே ஒரு மைக்ரானுக்கும் குறைவான நீர்ப்படலம் நிற்கிறது. நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்பதை நினைத்துக்கொண்டால், தண்டு எவ்வளவு சிறிது ஆடினாலும் அந்தப் படலத்துக்கு அது பெரிய ஆட்டம் என்பது விளங்கும்.

உங்கள் இரண்டாவது படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கார்பன் வளையத்தின் உரசும் விளிம்பு குறுகலாக இருக்க, எதிரே இருந்த கடினமான வளையத்தில் பதிந்திருக்கும் பளபளப்பான தடம் அதைவிட ஒன்றரை மடங்கு அகலமாக இருக்கிறது. தண்டு தன் மையத்தில் நின்று சுழன்றிருந்தால் இரண்டும் ஒரே அகலத்தில் இருந்திருக்கும். கார்பனின் வெளி விளிம்பு ஆங்காங்கே பெயர்ந்திருப்பதையும் கவனியுங்கள். முகங்கள் பிரிந்து பிரிந்து மோதியதன் அடையாளம் அது. ஆகவே குற்றம் சீலில் இல்லை, தண்டை ஆட்டுகிற ஏதோ ஒன்றில் இருக்கிறது. கழற்றிய சீலைக் குப்பையில் போடாமல் படம் எடுத்து அனுப்பினீர்களே, அதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும்; பெரும்பாலான இடங்களில் அந்தச் சாட்சியம் அன்றைக்கே காணாமல் போய்விடுகிறது.

முதலில் மேடையைப் பாருங்கள். பேஸ்பிளேட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிவதை உங்கள் படமே காட்டுகிறது. அதாவது, அந்த இடைவெளியை நிரப்பும் கிரௌட் என்ற கலவையை ஊற்றவே இல்லை. நான்கு போல்ட்டில் தொங்கும் தகடு பறையின் தோலைப்போல அதிரும். பம்பு, மோட்டார், பேஸ்பிளேட் மூன்றின் மொத்த எடையைப்போல் குறைந்தது மூன்று மடங்கு எடை மேடைக்கு வேண்டும். நம் கரையோரத்து இளகிய மணலில் அதற்குக் கூடுதலாகவே வைத்துக்கொள்வது நல்லது. மேடையின் மேல்பரப்பைக் கொத்திச் சொரசொரப்பாக்கி, தகட்டை மீட்டருக்கு 0.2 மி.மீ.க்கு மேல் சாயாமல் மட்டம் பார்த்து, சுருங்காத கிரௌட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வழியும்வரை ஊற்ற வேண்டும். காய்ந்தபின் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். வெற்றுச் சத்தம் கேட்கும் இடத்தில் காற்று சிறைப்பட்டிருக்கிறது. கான்கிரீட்டுக்கோ கிரௌட்டுக்கோ கடற்கரை மணலையும் உவர்க் கிணற்று நீரையும் தொடாதீர்கள். ஊன்று போல்ட் உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். 2025இல் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றால், இந்தக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று அறிந்துதான்.

அடுத்தது குழாய். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் ஓர் இறால் குஞ்சு பொரிப்பகத்தில் இதே போன்ற புகாருக்காக நான் ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். காலை ஆறு மணிக்குக் மோட்டார் தண்டையும் பம்புத் தண்டையும் இணைக்கும் கப்ளிங்கின் மேல், நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் டயல் கேஜை நிறுத்தி முள்ளைப் பூஜ்யத்தில் வைத்தோம். பம்பை ஓட்டவில்லை, யாரும் தொடவுமில்லை. பத்து மணிக்கு முள் நகரத் தொடங்கியது; மதியம் ஒரு மணிக்கு 0.3 மி.மீ. காட்டியது. மணலில் கிடந்த கறுப்பு எச்.டி.பி.இ. குழாய் வெயிலில் நீண்டு, போக வேறு இடமின்றிப் பம்பையே தள்ளிக்கொண்டிருந்தது. வெப்பம் 20 டிகிரி ஏறினால் 10 மீட்டர் குழாய் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளும். உங்களுடையது 60 மீட்டர். பம்பிலிருந்து ஒரு மீட்டருக்குள் கான்கிரீட் கட்டையில் குழாயை அசையாமல் கட்டிவிட்டு, அதற்கு அப்பால் ஒரு வளைவு விட்டு, முடிந்தால் குழாயை மணலுக்குள் புதைத்துவிடுங்கள். பம்பின் ஃபிளேஞ்சும் (போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு வட்டு) குழாயின் ஃபிளேஞ்சும் செயின் புல்லி இல்லாமல், கையாலேயே போல்ட் நுழையும்படி எதிரெதிரே நிற்க வேண்டும். போல்ட்டை இறுக்கும்போது கப்ளிங்கில் வைத்த டயல் கேஜ் 0.05 மி.மீ.க்கு மேல் நகர்ந்தால், குழாயை அறுத்துச் சரிசெய்ய வேண்டுமே தவிர, போல்ட்டை இழுத்து இறுக்கக் கூடாது.

இந்த இரண்டும் முடிந்த பிறகுதான் அலைன்மென்ட், அதாவது இரு தண்டுகளையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தும் வேலை. மோட்டாரின் கால்களில் ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்தி, கால் 0.05 மி.மீ.க்கு மேல் எழும்புகிறதா என்று பாருங்கள்; எழும்பினால் ஷிம் என்ற மெல்லிய தகட்டை வைத்து நிரப்புங்கள். ஷிம் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். சாதாரண இரும்புத் தகடு இங்கே ஒரே மழைக்காலத்தில் பொருக்கு விட்டு ஊதி, மோட்டாரையே தூக்கிவிடும். 2,900 சுற்றுக்குத் தண்டுகளின் மைய விலகல் 0.05 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். குழாயை இணைக்கும் முன் ஒரு தடவையும், இணைத்த பின் ஒரு தடவையும், பம்பு ஓடிச் சூடான பின் இன்னொரு தடவையும் அளவெடுங்கள். இத்தனையும் செய்து முடித்துப் பழைய விலைச் சீலையே போட்டுப் பார்த்து, அது ஆறு மாதத்துக்குள் போனால் மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் ஐஸ் ஆலையில் கண்டென்சரைக் குளிர்விக்கக் கடல்நீர்ப் பம்பு வைத்திருக்கிறோம். மீன்பிடித் தடைக்காலத்தில் ஆலையை மூடிவிடுவோம். ஒவ்வோர் ஆண்டும் ஜூனில் திறக்கும்போது பம்பு இறுகிக் கிடக்கிறது. ஓட்டிய அன்றே சீல் ஊற்றுகிறது. பத்து மாதம் நன்றாக ஓடுகிற பம்புக்கு ஓய்வில் என்ன கேடு வருகிறது?
— ஆலை உரிமையாளர், பாம்பன்

பதில்: ஓடும்போது வராத கேடு ஓய்வில்தான் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடல்நீர் உள்ளேயே தேங்கிக் கிடக்கிறது. நீர் ஆவியாகும்போது சீல் முகங்களின் விளிம்பிலும் ஸ்பிரிங்குகளின் இடுக்கிலும் உப்புப் பூக்கிறது. ரப்பர் வளையம், தண்டின் மேல் போட்ட ஸ்லீவ் என்ற உறையோடு ஒட்டிக்கொள்கிறது. ரப்பருக்கு அடியில் காற்றுப் புகாத இடுக்கில் எஃகு குழி விழுகிறது. ஜூனில் சுவிட்சைப் போட்டதும் ஒட்டியிருந்த முகங்களை மோட்டார் பலத்தால் பிய்த்து எடுக்கிறது. அந்த ஒரு நொடியில் கார்பன் உடைந்துவிடுகிறது.

மூடுகிற நாளில் நல்ல தண்ணீரை இழுக்கும்படி சக்ஷன் குழாயை (உறிஞ்சும் குழாயை) ஒரு தொட்டியில் போட்டு, கால் மணி நேரம் பம்பை ஓட்டுங்கள். பிறகு அடிப் பிளக்கைக் கழற்றிப் பம்பையும் சீல் பெட்டியையும் முற்றிலும் வடித்துவிடுங்கள். நல்ல தண்ணீரை லாரியில் விலைக்கு வாங்கும் ஊரில் இதைச் சொல்வது எனக்கும் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு சீலின் விலையும் திறக்கும் வாரத்தில் நின்றுபோகும் ஐஸின் விலையும் சேர்ந்தால் ஒரு தொட்டித் தண்ணீர் பெரிதில்லை. வாரம் ஒரு தடவை காவலாளி கப்ளிங்கைக் கையால் ஒன்றேகால் சுற்றுத் திருப்பி வைக்கட்டும். கால் சுற்றுக் கூடுதலாகத் திருப்புவதால் தண்டு ஒவ்வொரு வாரமும் வேறு நிலையில் நிற்கும். பேரிங்குக்கும் அது நல்லது.

திறக்கும்போது பம்பில் நல்ல தண்ணீரை நிரப்பி ஓர் இரவு ஊற விடுங்கள். காலையில் கையால் திருப்பிப் பாருங்கள். திரும்பவில்லை என்றால் இன்னும் ஊறட்டும். மோட்டாரை உதைத்து எழுப்பிவிடலாம் என்று எண்ணவே வேண்டாம். ஓட்டும் முன் சீல் பெட்டியின் மேலிருக்கும் காற்றுத் திருகைத் திறந்து, குமிழி நின்று தண்ணீர் மட்டும் வரும்வரை காத்திருங்கள். பம்பு நிரம்பியிருந்தாலும் சீல் பெட்டியின் உச்சியில் காற்று தங்கியிருந்தால் சீல் வறண்டே ஓடும்.

கேள்வி: உப்பளத்தில் 24, 25 டிகிரி (வெப்பம் அல்ல; உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவு) கனத்த நீரைப் பாத்தியிலிருந்து பாத்திக்கு ஏற்றுகிறோம். சீலுக்குப் பதில் தண்டைச் சுற்றி அடைக்கும் கிளாண்டுக் கயிறு போட்ட பழைய பம்பை மாற்றி மெக்கானிக்கல் சீல் பம்பு வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
— உப்பளக் குத்தகையாளர், வாலிநோக்கம்

பதில்: கயிற்றையே வைத்துக்கொள்ளுங்கள். பலர் இதைப் பின்தங்கிய யோசனை என்று சொல்லலாம். நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. 25 டிகிரியில் நீர் உப்பாக உறையும் தறுவாயில் இருக்கிறது. சீல் முகங்களைக் கடந்து வெளியே வரும் ஈரம் காற்றுப் பட்டதும் உப்புக்கல்லாகி, முகத்தைத் தேய்க்கும் அரமாக மாறிவிடும். கயிறு நிமிடத்துக்கு 40 முதல் 60 துளி கசிந்தபடியே வேலை செய்யும். உங்கள் ஊர் ஃபிட்டர் பத்து நிமிடத்தில் மாற்றிவிடுவார். கசிவு பேரிங்கின் மேல் தெறிக்காமல் ஒரு தடுப்புத் தகடும், கீழே வடிகாலும் வைத்தால் போதும்.

அப்படியும் சீல் பம்பு வாங்கியே ஆக வேண்டியிருந்தால், சீலின் வெளிப்புறத்தில் நல்ல தண்ணீர் சொட்டும் வழி உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். அதற்கு அழுத்தம் தேவையில்லை; தலைக்கு மேல் ஒரு சிறு தொட்டியும் கீழே ஒரு வடிகுழாயும் போதும். உப்பு உறையும் முன் அந்தச் சொட்டு நீர் அதைக் கரைத்துக்கொண்டு போய்விடும். இன்னொன்றையும் மறக்காதீர்கள். அந்த நீர் சாதாரண நீரைவிட ஐந்தில் ஒரு பங்கு கனம் கூடியது. மோட்டாரும் அந்த அளவு கூடுதல் சக்தியுள்ளதாக இருக்க வேண்டும். நல்ல தண்ணீருக்குக் கணக்குப் பார்த்த மோட்டார் சூடாகிக் காயில் எரிந்துவிடும்.

கேள்வி: 316 ரக ஸ்டெயின்லெஸ் என்று பில் போட்டு வாங்கிய பம்பின் ஸ்லீவில் ஓராண்டில் ஊசிமுனைக் குழிகள் விழுந்திருக்கின்றன. ஏமாற்றப்பட்டுவிட்டோமா?
— கீழக்கரை

பதில்: உண்மையான 316லும் இது நடக்கும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 19 கிராம் குளோரைடு இருக்கிறது. நீர் ஓடிக்கொண்டிருக்கும் பரப்பில் 316 தாங்கும். ரப்பர் வளையத்துக்கு அடியில் நீர் தேங்கும் இடுக்கில் தாங்காது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அரிமானத்தைச் சோதிக்க மண்டபத்தில் நிலையம் அமைத்தது இந்தக் கரையின் கடுமையை அறிந்துதான். ஸ்லீவை டூப்ளெக்ஸ் 2205 ரகத் துருப்பிடிக்காத எஃகில், முடிந்தால் சூப்பர் டூப்ளெக்ஸ் 2507 ரகத்தில் கடைந்து போடுங்கள். கம்பியில் கடைந்த 316 ஸ்லீவில் காந்தம் ஒட்டாது. டூப்ளெக்ஸில் நன்றாக ஒட்டும். கடையிலேயே சோதித்துவிடலாம். சீலின் ஸ்பிரிங் ஹாஸ்டெல்லாய் சி ரகமா என்று கேளுங்கள். டங்ஸ்டன் கார்பைடு முகம் என்றால் நிக்கல் பிணைப்புள்ளதை வாங்குங்கள். கோபால்ட் பிணைப்பைக் கடல்நீர் அரித்துவிடும்.

கேள்வி: எங்கள் இறால் பண்ணையில் மின்சாரம் அடிக்கடி போய் வருகிறது. இரவில் ஆள் எழுந்து போட வேண்டாம் என்று ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்தோம். அதன்பின் மூன்று சீல்கள் வெடித்துக் கிடந்தன. வாடைக்காற்றுக் காலத்தில்தான் தொல்லை அதிகம்.
— பண்ணையாளர், தொண்டி அருகே

பதில்: நீங்களே இரண்டு காரணங்களையும் சொல்லிவிட்டீர்கள். மின்சாரம் போனதும் டெலிவரி நீர் பின்னோக்கி இறங்குகிறது. சக்ஷன் குழாயின் அடிமுனையில் நீர் திரும்பாமல் தடுக்கும் ஃபுட் வால்வில் ஒரு துண்டுக் கடற்புல்லோ ஒரு கொட்டலசோ சிக்கியிருந்தால் வால்வு முழுதாக மூடாது, பம்பு காலியாகிவிடும். மின்சாரம் வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் அந்தக் காலிப் பம்பை ஓட்டுகிறது. நீர்ப்படலம் இல்லாத முகங்கள் ஒரு நிமிடத்துக்குள் கொதித்துவிடும். அந்த நேரத்தில் எப்படியோ நீர் ஏறினால், சுட்ட சட்டியில் தண்ணீர் தெளித்ததுபோல் செராமிக் வளையம் விரிசல் விடுகிறது. மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடும் மெல்லிய கீற்றுகள் உங்கள் வளையத்தில் இருந்தால், வேறு காரணம் தேட வேண்டாம்.

வாடையில் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கலங்கிக் கடற்புல் ஒதுங்குவது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதங்களில் ஸ்ட்ரெயினர் என்ற வடிகட்டி பாதி அடைத்தாலே பம்பு நீருக்குத் தவிக்கும், சரளைக்கல் உருளும் ஓசை கேட்கும், சீல் அதிரும். ஸ்ட்ரெயினரின் துளைகளின் மொத்தப் பரப்பு குழாய் வாயைப்போல் மூன்று, நான்கு மடங்கு இருக்க வேண்டும். சக்ஷனில் ஒரு வாக்குவம் கேஜ் பொருத்தி, சுத்தமான நாளில் முள் நிற்கும் இடத்தில் வண்ணக் கோடு போடுங்கள். முள் கோட்டைத் தாண்டினால் ஸ்ட்ரெயினரைக் கழுவ வேண்டும் என்பது வேலையாளுக்கும் புரியும். சக்ஷன் குழாய் பம்பை நோக்கிச் சீராக ஏறிக்கொண்டே வர வேண்டும். குழாயின் விட்டத்தைக் குறைக்கும் ரெட்யூசர் வைத்தால் தட்டையான பக்கம் மேலே இருக்க வேண்டும், இல்லையேல் காற்று அங்கே தங்கும். நீர் மட்டத்திலிருந்து 6 மீட்டருக்கு மேல் உயரத்தில் பம்பை வைக்காதீர்கள்.

மணல் கலந்த நீருக்கு இன்னொரு எச்சரிக்கை. டெலிவரியிலிருந்து சிறு குழாய் வழியாகச் சீலுக்கு நீர் பாய்ச்சும் வழக்கமான அமைப்பு, மணலையும் சேர்த்துச் சீல் முகத்தில் பீய்ச்சும். அந்தக் குழாயில், நீரைச் சுழற்றி மணலைப் பிரிக்கும் சைக்ளோன் பிரிப்பான் ஒன்றைப் பொருத்துங்கள். மணல் நீரைவிட இரண்டரை மடங்கு கனமானதால் நன்றாகப் பிரிந்து விழும். சேறு அப்படிப் பிரியாது. சேறு மிகுந்த இடத்தில் வெளியிலிருந்து சுத்தமான நீரை, சீல் பெட்டியின் அழுத்தத்தைவிட குறைந்தது 1 பார் கூடுதலாகச் செலுத்த வேண்டும். சிலிக்கன் கார்பைடுக்கு எதிரே சிலிக்கன் கார்பைடு வைத்தால் மணலைத் தாங்கும். ஆனால் கார்பன் முகம் பொறுத்துக்கொள்ளும் சில நொடி வறட்சியைக்கூட அது பொறுக்காது. உங்களைப் போல் மின்சாரம் போய் வரும் இடத்தில் வறட்சித் தடுப்பு ரிலே இல்லாமல் அந்த ஜோடியைப் போட வேண்டாம். ஆட்டோ ஸ்டார்ட்டரை இன்றைக்கே துண்டித்துவிடுங்கள். வேண்டும் என்றால், பம்பு நிரம்பியிருப்பதை உறுதிசெய்யும் லெவல் சுவிட்சோடு மறுபடி இணைக்கலாம்.

கேள்வி: ஐ.டி.ஐ. முடித்து ஃபிட்டராகச் சேர்ந்திருக்கிறேன். அடுத்த வாரம் முதல் தடவையாக நானே சீல் மாட்டப் போகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும், ஐயா?
— இராமநாதபுரம்

பதில்: தம்பி, பெட்டியிலிருந்து சீலைக் கடைசி நிமிடத்தில் எடு. முகத்தை விரலால் தொடாதே. நான் வேலைக்குச் சேர்ந்த ஆண்டில் புதிய சீலின் முகத்தைக் கையிலிருந்த வேஸ்ட் பஞ்சால் பாசத்தோடு துடைத்தேன். அதில் ஒட்டிய ஒரே இழை போதுமானதாக இருந்தது, மாலைக்குள் கசிந்தது. நூல் பிரியாத சுத்தமான துணியில் ஸ்பிரிட் நனைத்து, ஒரே திசையில் துடை.

ஸ்லீவின் படியிலும் சாவிப் பள்ளத்தின் ஓரத்திலும் விரலை ஓட்டிப் பார். நகத்தில் தட்டும் பிசிறு ரப்பர் வளையத்தை அறுக்கும். மென்மையான எமரித் தாளால் மழுக்கிவிடு. ரப்பர் எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள். ஈ.பி.டி.எம். ரப்பருக்குச் சாதாரண கிரீஸ் தடவினால் ஊதிப்போகும். சிலிக்கன் கிரீஸோ சோப்பு நீரோ போதும். ஸ்பிரிங் எவ்வளவு அமுங்க வேண்டும் என்று வரைபடத்தில் ஒரு நீளம் இருக்கும். அதைத் தண்டில் கோடு போட்டு அளந்தே மாட்டு. கூடுதலாக அமுக்கினால் முகம் சூடாகும், குறைந்தால் கசியும். சீலை மூடும் கிளாண்டுத் தகட்டின் போல்ட்களை எதிரெதிராக, சிறிது சிறிதாக, ஒரே அளவில் இறுக்கு. ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் நிற்கும் வளையம் வளைந்துவிடும். மோட்டார் சுற்றும் திசையைக் கப்ளிங்கைக் கழற்றி வைத்துச் சரிபார்த்த பிறகே இணை.

ஓட்டிய முதல் அரை மணி நேரம் பம்பை விட்டு அகலாதே. தொடக்கத்தில் சில துளிகள் வந்து தானே நின்றுவிட்டால் முகங்கள் பதிந்துவிட்டன என்று பொருள். நிற்காமல் கூடிக்கொண்டே போனால் கிளாண்டு போல்ட்டை இறுக்கி அடக்க முயலாதே. இது கயிறு போட்ட கிளாண்டு இல்லை. இறுக்க இறுக்க வளையம்தான் உடையும். பம்பை நிறுத்தி, இரண்டு வால்வுகளையும் மூடி, நீரை வடித்துவிட்டுக் கழற்று. முகத்தில் தெரிவதை அப்போதே ஒரு தாளில் வரைந்துகொண்டு எனக்கு அனுப்பு.